ஜமைக்கா ரம்முக்கு மாற்று: வீரியம் வேறு, மணம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் காக்டெய்ல் பக்கத்தில், ஜமைக்காவின் ஓவர்ப்ரூஃப் (வழக்கத்தைவிட வீரியம் கூடிய) வெள்ளை ரம் கிடைக்காவிட்டால் வேறு எந்த வெள்ளை ரம்மையும் அதே அளவில் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அப்படிச் செய்தால் கிளாஸில் எலுமிச்சையும் சர்க்கரையும்தான் தெரியும். ஜமைக்கா ரம் ஒரு கலவைக்கு இரண்டைத் தருகிறது: ஆல்கஹாலின் வீரியம் ஒன்று, பழம் கனிந்து புளித்தது போன்ற அந்த முரட்டு மணம் இன்னொன்று. மாற்று தேடுபவர் இரண்டையும் தனித்தனியாகத்தான் ஈடுகட்ட வேண்டும்.

மணத்துக்குக் காரணம் எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்கள். நூறு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு இத்தனை கிராம் என்று அவற்றை அளக்கிறார்கள். ஜமைக்காவில் உச்சவரம்பு 1,600. ட்ரெலானி பகுதியின் ஹாம்ப்டன் ஆலையில் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப்பாகு) ஊறலுக்குத் தனியாக ஈஸ்ட் போடுவதில்லை. மரத்தொட்டியிலும் காற்றிலும் இருப்பதே நாள்கணக்கில் புளிக்கவைக்கிறது. முந்தைய வடிப்பில் கொதிகலனின் அடியில் மிஞ்சிய டண்டரும், 'மக்' என்று அவர்கள் சொல்லும் பாக்டீரியா மண்டிய குழம்பும் ஊறலில் சேரும். பாக்டீரியா உண்டாக்கும் அமிலங்கள் ஆல்கஹாலோடு கூடி எஸ்டராகின்றன. இரண்டு ரிடார்ட் (ஆவி கடந்துபோகும் துணைக்கலன்) பொருத்திய பாட் ஸ்டில்லில், அதாவது பானை போன்ற வடிகலனில், வடிக்கும்போது அது மேலும் செறிகிறது. உயரமான காலம் ஸ்டில்லில் (தூண் வடிவ வடிகலன்) சுத்தமாக வடித்த வெளிர் ரம்மில் இதில் பெரும்பகுதி இருக்காது. அளவைக் கூட்டினாலும் இல்லாத மணம் வந்துவிடாது.

ஜமைக்காவின் பீப்பாயில் ஊறாத ரம்களில் அதிகம் பேசப்படுபவை மூன்று. மூன்றுமே 63 சதவீதம். ஆனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது.

ரே அண்ட் நெஃப்யூ, பாட் ஸ்டில் ரம்மையும் காலம் ஸ்டில் ரம்மையும் கலந்து செய்வது. பழுத்த வாழை மணம், அதன் பின்னாலேயே மிளகு போன்ற காரம், கொஞ்சம் பச்சைப்புல். மூன்றில் எஸ்டர் மணம் அடங்கியிருப்பது இதில்தான்; நெடி என்று பலர் முகம் சுளிப்பது பெரும்பாலும் ஆல்கஹாலின் சூடு. ரம்-பார் ஓவர்ப்ரூஃப், செயின்ட் கேத்தரின் பகுதியின் வர்த்தி பார்க் தோட்டத்திலிருந்து வருகிறது. 2005இல் மறுபடி வடிக்கத் தொடங்கிய ஆலை, முழுக்க பாட் ஸ்டில். வாயில் உருண்டையாக நிற்கும், வாழை மணம் இன்னும் இனிப்பாக இருக்கும். ரே கேட்கும் இடத்தில் இதை அளவு மாற்றாமல் ஊற்றலாம். பல பானங்களில் இதுவே மேல் என்பது என் கணிப்பு.

ரம் ஃபயர் வேறு சாதி. ஹாம்ப்டனில் எச்எல்சிஎஃப் என்று ஒரு தரக்குறி உண்டு, அதன் எஸ்டர் எல்லை 500 முதல் 700 வரை. ரம் ஃபயர் அந்த வகையைச் சேர்ந்தது. அன்னாசி, வார்னிஷ், உப்பில் போட்ட ஆலிவ் மூன்றும் ஒரே மூச்சில் வரும். அதே ஆலையின் டிஓகே என்ற தரக்குறி 1,500க்கும் மேல். அது குடிப்பதற்கென்று பிறந்த சரக்கே அல்ல. மிட்டாய்த் தொழிலுக்கும் பிற ரம்களுக்கு மணமூட்டவும் போனது. காக்டெய்லில் 5 மி.லி. தாண்டினால் பெயின்ட் கடைதான்.

எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதிலும் ஆபத்து உண்டு. மொத்த எஸ்டரில் பெரும்பங்கு எத்தில் அசிடேட்; அது பசை, நகப்பூச்சு நீக்கி வாசனை தருவது. அன்னாசி மணம் தரும் எத்தில் பியூட்டிரேட் அளவில் சிறியது, ஆனால் மூக்கில் பெரியது. ஒரே எண் உள்ள இரண்டு ரம் இரண்டு விதமாக மணப்பது இதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் 63 சதவீதத்தில் நேராக முகரக் கூடாது, மூக்கு மரத்துப்போகும். 10 மி.லி. ரம்மில் 21 மி.லி. தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு இறங்கும். மூன்றையும் அப்படிக் கலந்து, வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு முகருங்கள். ரே சீக்கிரம் அடங்கிவிடும், ரம் ஃபயரின் அன்னாசி அப்படியே நிற்கும். கலவையில் எதை எவ்வளவு ஊற்றலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இனி மாற்று. 63 சதவீத ரம் 60 மி.லி.யில் தூய ஆல்கஹால் 37.8 மி.லி.; 40 சதவீத ரம்மில் 24தான். இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். ரே இல்லை, ரம் ஃபயர் இருக்கிறது என்றால், ரே 60 மி.லி.க்குப் பதில் ரம் ஃபயர் 20 மி.லி.யும் 40 சதவீத வெளிர் ரம் 60 மி.லி.யும் எடுங்கள். ஆல்கஹால் 36.6 மி.லி. வரும், வித்தியாசம் தெரியாது. கூடிப்போன 20 மி.லி.யைத் தண்ணீரிலோ சோடாவிலோ குறைத்துக்கொள்ளலாம். டைகிரிக்கு வெளிர் ரம் 45, ரம் ஃபயர் 15, எலுமிச்சைச் சாறு 22, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த பாகு 22 மி.லி. போதும். ரம் ஃபயரை 30 ஆக்கினால் எலுமிச்சை காணாமல் போகும். சோடா சேரும் பானத்தில் இன்னும் கவனம் தேவை, குமிழி மணத்தை மேலே தள்ளும். கிரேப்ஃப்ரூட் சோடாவான டிங்குடன் ரே 45 மி.லி. என்றால் ரம் ஃபயர் 30 போதும்.

கொஞ்சமாகச் சேர்த்து நீட்டுவது புதிய தந்திரமும் அல்ல. ஜெர்மனியில் ரம்-வெர்ஷ்னிட் என்ற பெயரில், மணம் மிகுந்த ஜமைக்கா ரம்மைச் சாதாரண ஆல்கஹாலில் கலந்து விற்றார்கள். அதிலுள்ள ஆல்கஹாலில் 5 சதவீதம் ரம்மிலிருந்து வந்தால் போதும் என்பதே விதி. டிஓகே போன்றவற்றுக்குச் சந்தை இருந்தது இதனாலும்தான்.

ஜமைக்காவுக்கு வெளியே நெருங்கிய உறவு என்றால் ரீயூனியன் தீவின் சவன்னா ஆலையும் மார்த்தினிக்கின் லெ கலியோனும் மொலாசஸிலிருந்து வடிக்கும் எஸ்டர் மிகுந்த ரம்கள். அவற்றை 10 முதல் 15 மி.லி. வரை வெளிர் ரம்மோடு சேர்க்கலாம். மார்த்தினிக்கின் அக்ரிகோல், ஹைட்டியின் கிளேரின், பிரேசிலின் கஷாசா மூன்றையும் மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. கரும்புச்சாற்றிலிருந்து வருபவை அவை; கொடுப்பது பச்சை மணம், அன்னாசி அல்ல. எலுமிச்சையும் பாகும் மட்டும் உள்ள பானத்தில் நன்றாகவே இருக்கும், வேறு பானமாக. இந்தோனேசியாவின் படேவியா அராக் மொலாசஸோடு சிவப்பரிசி நொதியும் சேர்ந்தது, புகையும் தோலும் போன்ற வறண்ட மணம். பஞ்ச்சுக்கு அது அருமை. ஆனால் பழச்சுவையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்மித் அண்ட் கிராஸ் ஜமைக்கா ரம்தான், ஆனால் நிறம் ஏறியது, கொஞ்சகாலம் பீப்பாயில் இருந்தது. இருந்தாலும் கைக்கு எட்டும் மாற்றுகளில் நான் முதலில் எடுப்பது இதைத்தான். வீரியம் 57 சதவீதம் என்பதால் 60க்குப் பதில் 66 மி.லி.; பானம் வெளுப்பாக இருக்காது, அவ்வளவுதான் நட்டம். கயானாவின் ஓவர்ப்ரூஃப் ரம்மான டெமரரா 151 வீரியத்தைத் தரும், மணத்தைத் தராது. மசாலா ரம்மையும் கருப்பு ரம்மையும் இந்தப் பேச்சில் கொண்டுவரவே வேண்டாம். வாழைப்பழ லிக்கர் 5 மி.லி. சேர்ப்பது ஒரு குறுக்குவழி: வாழை மணம் ஒன்று மட்டும் கிடைக்கும், அதே அளவு பாகைக் குறைக்காவிட்டால் திகட்டும்.

நீங்கள் வெளியிட்ட பஞ்ச் செய்முறைக்கு ஒரு திருத்தம். புளிப்பு 1, இனிப்பு 2, ரம் 3, தண்ணீர் 4 என்ற பழைய ஜமைக்கா கணக்கின்படி எலுமிச்சை 30, பாகு 60, ரே 90, தண்ணீர் 120 மி.லி. என்பது சரி. ஆனால் அதில் 57 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரு கிளாஸ் என்று போட்டிருந்தீர்கள், இரண்டு கிளாஸ் என்று மாற்ற வேண்டும். ரே கிடைக்காதவர்கள் 40 சதவீத வெளிர் ரம் 110, ரம் ஃபயர் 20, தண்ணீர் 80 என்று எடுக்கலாம். ஸ்மித் அண்ட் கிராஸ் என்றால் ரம் 100, தண்ணீர் 110. எலுமிச்சையும் பாகும் மாறாது, மொத்தம் மூன்றிலும் 300 மி.லி.தான். அடுத்த இணைப்பில் இதை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
காக்டெய்ல் கலப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒரு வாசகர்