படலைக்கு வெளியே ஓடும் பிள்ளை

அன்புள்ள சுகந்திக்கு,

நாங்கள் சுகம். தங்கச்சியின் மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவளுக்கு வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்று போன வருடம் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. கைக்குழந்தையில் இருதயத்தில் இரைச்சல் கேட்கிறது என்று கிளினிக் கிளினிக்காக அலைந்தோமே, அதுவும் இதில் சேர்ந்ததுதான்: 7ஆம் குரோமோசோம் ஒன்றில் 25க்கு மேற்பட்ட மரபணுக்கள் விடுபட்டிருக்கின்றன, இரத்தக் குழாய்க்கு இழுபடும் தன்மையைத் தரும் எலாஸ்டினுக்கு உரியதும் அதற்குள் போய்விட்டது. நியூசிலாந்தில் வில்லியம்ஸ் என்ற வைத்தியர் 1961இலேயே எழுதிய வருத்தம். அநேகமாகத் தற்செயலாகத்தான் வரும், தாய் தகப்பனில் பிழை இல்லை. தங்கச்சியைக் குறை சொன்ன சனத்துக்கு இதை நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நல்லூர்த் தேருக்குக் கூட்டிப் போனோம். கச்சான் கடையடியில் கை நழுவியது, பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்கட சேட் நல்ல வடிவு, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கிறாள். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. கோபமான முகத்தைக் கண்டால் எங்கள் மூளையில் எழும் எச்சரிக்கை இவர்களுக்குக் குறைவாம். ஆனால் இடி முழங்கினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள், மிக்ஸி போட்டால் காதைப் பொத்துவாள், அதே பிள்ளை தவில் நாதஸ்வரம் கேட்டால் அசையாமல் நிற்பாள்.

எல்லோருடனும் இப்படிப் பேசுகிறவளுக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன் சுகந்தி. பேசத் தெரிவது வேறு, எதிரே நிற்பவரின் மனதை அறிவது வேறு. வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்து சிரித்தால் இவளும் சேர்ந்து சிரிக்கிறாள், அவர்கள் தன்னை விரும்புகிறார்கள் என்று நினைக்கிறாள். ஒரு பிறந்தநாளுக்குக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது முற்றத்தில் சோக்கால் மூன்று வட்டம் கீறிப் பழக்குகிறோம், உள் வட்டத்தில் வீட்டு ஆட்கள், அவர்களைக் கட்டிப்பிடிக்கலாம், நடுவில் ரீச்சர், தெரிந்த ஆட்கள், அவர்களுக்குக் கைகொடுக்கலாம், வெளி வட்டத்துக்கு வணக்கம் மட்டும். அவளாகக் கீறினால் வட்டம் மூடாது, வீடு கீறச் சொன்னால் கதவு ஒரு மூலையில், கூரை இன்னொரு மூலையில் கிடக்கும், ஆனால் யார் எந்த வட்டம் என்று பாட்டாகப் படித்தால் பிடித்துக்கொள்கிறாள்.

ஆவணியில் நீ வரும்போது படலை திறந்ததும் ஓடிவந்து உன்னைக் கட்டிப்பிடிப்பாள். மனசு கேட்காதுதான், என்றாலும் முதலில் வணக்கம் சொல்ல வை. இரண்டு மூன்று நாள் போக நடு வட்டத்துக்கு வா.

அன்புடன்,
வசந்தி