தளபதியாக இருந்து ஆளுநரானவர்

அன்புள்ள நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போது ஊன்றுகோலுடன் கூடத்துக்கும் திண்ணைக்குமாக நடமாடுகிறேன். படுத்துக் கிடந்த நாட்களில் நான் அதிகம் படித்தது, இடுப்பில் பட்ட தோட்டாக் காயத்தோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஓர் அமெரிக்கரைப் பற்றித்தான். படையில் இருந்தவர்களுக்கு அரசியல் ஒத்துவருமா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அவர் கதையே அதற்குப் பதிலாகட்டும்.

ஜோஷுவா சேம்பர்லெயின் 1828-இல் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய், பின்னாளில் போடின் கல்லூரியில் பேச்சுக்கலை கற்பித்த பேராசிரியர். 1862-இல் ஐரோப்பா சென்று படித்து வரக் கல்லூரி அவருக்கு இரண்டாண்டு விடுப்புத் தந்தது. அவரோ அந்த விடுப்போடு போய், அப்போது நடந்துகொண்டிருந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையில் சேர்ந்துவிட்டார். மறு ஆண்டு கெட்டிஸ்பர்க் குன்றில், தோட்டா தீர்ந்த தம் வீரர்களைத் துப்பாக்கிமுனைக் கத்தியோடு சரிவில் பாயவைத்த கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1864 ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கில் தோட்டா இடுப்பைக் குறுக்காகத் துளைத்தபோது, தாம் சாய்வதைக் கண்டு வீரர்கள் கலங்கக்கூடாதென்று வாளை மண்ணில் ஊன்றிக்கொண்டு, இரத்தம் வடிந்து தளரும்வரை நின்றார். பிழைக்கமாட்டார் என்று எண்ணியே வடமாநிலப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட் அங்கேயே அவருக்குப் பதவி உயர்வு அளித்தார். செய்தித்தாளில் மரணச் செய்தியும் வந்துவிட்டது. அவரோ அந்த ஆண்டு முடிவதற்குள் படைக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் பெயர் அவரை 1866 தேர்தலில் மேய்னின் ஆளுநராக வெல்லவைத்தது. அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், ஏறத்தாழ நம் முதலமைச்சரைப் போல; பதவிக்காலம் அப்போது ஓராண்டுதான், அவர் நான்கு முறை வென்றார். போர்ப்புகழ் அன்று வாக்குகளாக மாறியது இவர் ஒருவருக்கு மட்டுமல்ல. அந்தக் குன்றில் இவரை எதிர்த்து ஏறிவந்த தென்மாநிலப் படைத்தலைவர் ஓட்ஸ் அலபாமாவிலும், தென்மாநிலப் படை சரணடைந்த அப்போமட்டாக்ஸில் இவர் முன் தோற்ற படையை நடத்திவந்த கார்டன் ஜார்ஜியாவிலும் பின்னாளில் ஆளுநரானார்கள். ஆனால் சேம்பர்லெயினுக்குக் கட்சிக்காரர்களை அனுசரித்துப் போகத் தெரியவில்லை. மதுவிலக்கை நடத்தத் தனிக் காவல்படை வேண்டும் என்றவர்களுக்கு அவர் இணங்கவில்லை. தூக்குத் தண்டனை சட்டத்தில் இருக்கும்வரை நிறைவேற்றத்தான் வேண்டும் என்று நின்று, அதை எதிர்த்தவர்களின் வெறுப்பையும் தேடிக்கொண்டார்.

பதவிக்குப் பிறகு அதே கல்லூரிக்குத் தலைவராகப் போய், மாணவர்களுக்கு இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, 1874-இல் அவர்களின் கிளர்ச்சியைச் சந்தித்தார். இது அவர் செய்த தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டு வயதுப் பையன்களைப் பட்டாளமாக நினைத்துவிட்டார்.

என் மனத்தில் நின்றது 1880 ஜனவரிதான். தேர்தல் முடிவு குறித்த சண்டையில் இரு தரப்பும் தாமே அரசு என்று சொல்ல, ஆயுதம் ஏந்தியவர்கள் மேய்னின் தலைநகரான ஆகஸ்டாவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் புகுந்திருந்தார்கள். மாநிலப் படையின் தலைவரான சேம்பர்லெயின் அந்தப் படையை அழைக்கவில்லை. கட்டடத்திலிருந்த ஆயுததாரிகளை வெளியேற்றி, ஊர்க் காவலரை மட்டும் வைத்துக்கொண்டு, நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை பன்னிரண்டு நாள் காத்திருந்தார். ஒருநாள் அவரைக் கொல்ல ஒரு கும்பல் வந்தபோது, படியேறி நின்று மேலங்கியை விரித்து, சுடுவதானால் இங்கே சுடுங்கள் என்றாராம். கூட்டத்திலிருந்த பழைய வீரர் ஒருவரே அவருக்காக முன்வந்தாராம். பலம் காட்டுங்கள் என்று வற்புறுத்திய தம் குடியரசுக் கட்சியினரின் மனக்கசப்புக்கும் அவர் ஆளானார். தீர்ப்பு வந்ததும் பொறுப்பை விட்டுவிட்டு வீடு திரும்பினார். அதன்பின் எந்தத் தேர்தல் பதவியும் அவரைத் தேடி வரவில்லை.

அந்தப் பழைய காயம் ஆறவேயில்லை. 1914 பிப்ரவரியில் போர்ட்லாண்டில், எண்பத்தைந்து வயதில், அதன் விளைவாகவே இறந்தார்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
சிதம்பரநாதன்