ரவுட்டரின் கடவுச்சொல்லை யார் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர், டிவிக்கு மேலே ரவுட்டரை மாட்டி, என் கைப்பேசி எண்ணையே வைஃபைக்குக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். பிறகு அதைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோது, அடியில் ஒட்டியிருந்த சீட்டில், ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கான பயனர் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று அச்சிடப்பட்டிருந்தது. வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த இரண்டாவது பூட்டைத் திறந்துவிடுபவர், நாம் தட்டும் முகவரிக்குரிய தளம் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டால், வங்கியின் இணைய முகவரியை நாம் எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் போலித் தளத்துக்குக் கொண்டுபோய் விடப்படலாம். பிரவுசர் எச்சரிக்கத்தான் செய்யும். அவசரத்தில் அதைப் படிப்பவர் எத்தனை பேர்? 2016இல் பரவிய 'மிராய்' என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து கெடுதல் செய்யும் மென்பொருள்), ஆலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபதைச் சற்றே மிஞ்சும் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. 2018இல் வெளிப்பட்ட 'விபிஎன்ஃபில்டர்', 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்து, அவற்றின் வழியே செல்லும் தகவல்களை ஒற்றுக் கேட்கவும், கருவியையே செயலிழக்கச் செய்யவும் வல்லதாக இருந்தது. ரவுட்டரை ஒருமுறை அணைத்து மீண்டும் போடும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ அப்போது கேட்டுக்கொண்டது. ஆனால் அந்தத் தீநிரலின் முதல் பகுதி அதற்கும் அழியாது, கருவியை ஆலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்தால்தான் போகும். என் ரவுட்டரின் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்பதே எனக்கும் கிடைத்த பதில்.

கடவுச்சொல்லை மாற்றுவது பயனாளரின் கடமைதான், மறுக்கவில்லை. எனினும் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டுபவர்கள் சொல்லாமல் போனால், அப்படியொன்று இருப்பது வீட்டிலிருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லுடன் இத்தகைய பொருள்களை விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடுத்துவிட்டது. இங்கே இணைப்புத் தரும் நிறுவனங்கள், ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கடவுச்சொல்லை வாடிக்கையாளர் முன்னிலையில் மாற்றி, இணையம் வழியே வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி தேவையில்லாத இடத்தில் அதை அணைத்து, அந்த ரவுட்டருக்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.