செத்த பாக்டீரியாவும் காய்ச்சல் தரும்

அன்புள்ள கவின்,

"ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வெந்து வந்த சலைனில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்காது. அப்புறம் எதற்கு மாமா எண்டோடாக்ஸின் டெஸ்ட்?" என்று கேட்டிருந்தாய். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கேட்டுவிட்டாய், நல்லது.

உடம்புக்குக் காய்ச்சல் வர கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு இருக்கிறது. நீங்கள் லேபில் எண்டோடாக்ஸின் என்பது அதைத்தான். நம் செல்கள் அதைத் தயாரிப்பதே இல்லை. ஆகவே அது ரத்தத்தில் தென்பட்டாலே உள்ளே வந்திருப்பது வெளியாள்தான். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, இதை ஒழிக்காது. கண்ணாடிக் குழாய்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் போடுவது இதற்காகத்தான்.

எண்டோடாக்ஸினைக் கண்டறிய நீ செய்யும் எல்.ஏ.எல். டெஸ்டே குதிரைலாட நண்டின் நோயெதிர்ப்புதான். அதில் நீ சேர்க்கும் மருந்து அந்த நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த சாறு. 1956இல் ஃபிரடெரிக் பேங் என்ற ஆய்வாளர், பாக்டீரியா ஏற்றிய நண்டுகளின் ரத்தம் உடம்பெங்கும் உறைந்து அவை சாவதை எழுதினார். அதற்கு எண்டோடாக்ஸின் மட்டுமே போதும் என்று பிறகு அவரும் ஜாக் லெவினும் காட்டினார்கள். நண்டுக்கு ஆன்டிபாடி கிடையாது. கிருமி நுழைந்த இடத்தை உறையவைத்து அடைப்பதுதான் அதன் வைத்தியம். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு நீ குழாயைக் கவிழ்க்கும்போது வழியாமல் நிற்கிறதே, அந்தக் கட்டி அதுதான். நடுவில் குழாயை ஆட்டிவிடாதே. கட்டி உடைந்தால் பாசிட்டிவும் நெகட்டிவாகத் தெரியும்.

சரி, நமக்கு? நம் வெள்ளணுக்களின் மேல் டி.எல்.ஆர்.4 என்ற புரதம் இருக்கிறது. அதோடு ஒட்டியபடி எம்.டி.2 என்று இன்னொன்று. லிப்போபாலிசாக்கரைடின் அடிப்பகுதியில், ஈ.கோலையாக இருந்தால், ஆறு கொழுப்புச் சங்கிலிகள். ஐந்து எம்.டி.2இன் பள்ளத்துக்குள் போய்விடும். ஆறாவதுக்கு உள்ளே இடம் போதாது. வெளியே துருத்திக்கொண்டு பக்கத்து டி.எல்.ஆர்.4ஐத் தொடும். இரண்டும் இப்படி ஜோடி சேர்ந்த பிறகுதான் செல்லுக்குள் செய்தி போகும், காய்ச்சலைக் கிளப்பும் புரதங்கள் வெளியே வரும். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இடமில்லாத ஆறாவது சங்கிலிதான்.

எவ்வளவு எண்டோடாக்ஸின் ஏற்றினாலும் அசராத ஓர் எலி வகை உண்டு. காரணம் டி.எல்.ஆர்.4 ஜீனில் ஒரே ஒரு எழுத்துப் பிழை என்று 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது. அவருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கொடுத்துவைத்த எலிகள் என்று நினைக்காதே. சால்மோனெல்லா கொஞ்சம் நுழைந்தாலே அவை செத்துப்போகும். காய்ச்சல் நாமே மூட்டும் நெருப்பு. மூட்டத் தெரியாதவர் பாடு அதைவிட மோசம்.

பிளேக் கிருமிக்கு இது நன்றாகவே தெரியும் போலிருக்கிறது. தெள்ளுப்பூச்சிக்குள் இருக்கும்வரை ஆறு சங்கிலிகள் செய்துகொண்டிருக்கும். நம் உடம்பின் 37 டிகிரிக்கு வந்ததும் பெரும்பாலும் நான்கோடு நிறுத்திக்கொள்ளும், டி.எல்.ஆர்.4 சரியாக விழித்துக்கொள்ளாது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஈ.கோலையின் ஜீன் ஒன்றை அதற்குள் வைத்து, 37 டிகிரியிலும் ஆறு சங்கிலி செய்ய வைத்தார்கள். அந்தக் கிருமியை ஏற்றிய எலிகள் பிழைத்துக்கொண்டன.

அன்புடன்,
மாமா