ஆயில் கறைக்கு ஆசிட் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் ஷெட்டின் கான்கிரீட் தளத்தில் படிந்த ஆயில் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் வெளியான யோசனை குறித்து இதை எழுதுகிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் எண்ணெயைக் கரைப்பதில்லை, சிமென்டைத்தான் கரைக்கிறது. ஊற்றியதும் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு அழுக்கு கிளம்புவதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் சிமென்டிலுள்ள சுண்ணாம்புச் சேர்மங்கள் அமிலத்தோடு வினைபுரியும்போது கரியமில வாயு வெளியேறுவதே அந்த நுரை. இப்படி மேற்பரப்பு அரிக்கப்பட்டு, மணல் துருத்திக்கொண்டு நிற்கும் தளம், அடுத்துச் சொட்டும் ஆயிலை முன்னைவிட வேகமாகக் குடிக்கும். ஆசிட் புகை மூச்சைத் திணறடிப்பதோடு, பக்கத்தில் கிடக்கும் ஸ்பேனர்களையும் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவோரும் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் நச்சுவாயு உண்டாகும் என்ற எச்சரிக்கைகூட அக்குறிப்பில் இல்லாதது வருந்தத்தக்கது.

ஆயில் சிந்திய உடனே தண்ணீர் ஊற்றாமலும் தேய்க்காமலும், மரத்தூளையோ உலர்ந்த சிமென்ட் பொடியையோ தூவி, ஓரிரவு விட்டுப் பெருக்கி எடுத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். நாள்பட்ட கறைக்கு வேண்டியது அமிலமல்ல, காரம். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை அணிந்துகொண்டு கறையின் மேல் ஊற்றி, சற்று நேரம் ஊறவிட்டு, அது காய்வதற்குள் கெட்டியான நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் தளத்தில் தங்கி, பிறகு செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போக வேண்டாம்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மூடிய ஷெட்டில் தரையோடு தரையாகத் தேங்கி, சிறு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

நுண்துளைகளுக்குள் ஆழமாக இறங்கிவிட்ட கறை ஒரே தடவையில் போகாது. எத்தனை முறை தேய்த்தாலும் சில இடங்களில் மங்கலான நிழல் தங்கவே செய்யும். கழுவிய எண்ணெய்த் தண்ணீரை மழைநீர் வடிகாலில் தள்ளிவிடாமல், மரத்தூளில் உறிஞ்சவைத்துத் தனியே அப்புறப்படுத்துவது நல்லது.

ஆசிட்டுக்குத் தளத்தில் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயின்ட் பிடிப்பதற்காக மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க, நீர்த்த ஆசிட்டைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் அது சிமென்டைச் சீராக எட்டுவதில்லை என்பதால், அந்த வேலைக்கும் முதலில் எண்ணெயை நீக்கியாக வேண்டும். அக்குறிப்பைத் திருத்தி, அதே பகுதியில் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்