பழைய ஸ்டீரியோ வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. எழுபதுகளின் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி) ஒன்று, பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள் ஒன்று, மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி. மூன்றும் ஒரே வீட்டில் ஒன்றாகவே இருந்தவை என்று எழுதியிருந்தாய். படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு உன்னைவிட ஆசை அதிகமாகிவிட்டது. முதலில் எந்த ரெக்கார்டு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ஒரு ரெக்கார்டுகூட வாங்குவதற்கு முன்னால் இந்தப் பெட்டிகளைச் சரிசெய்துவிடு. அதிலும் முதல் செலவு ஊசிக்குத்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரெக்கார்டைக் கேட்பது என்பதே அதை உரசுவதுதான். ஊசி மீது நாம் வைக்கும் பாரம் ஒன்றரை, இரண்டு கிராம்தான். ஆனால் அந்த வைரமுனை தடத்தின் சுவரைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதனால் அங்கே விழும் அழுத்தம் மிக அதிகம். புது முனை வழவழப்பாக வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்த முனையில் தட்டையான பட்டைகள் உருவாகி, அவற்றின் ஓரங்கள் உளி மாதிரி கூர்மையாகிவிடும். தடத்தில் இருப்பதிலேயே நுணுக்கமான நெளிவுகளை, அதாவது உச்சஸ்தாயி ஒலிகளை, அவை முதலில் செதுக்கித் தள்ளும். பாடகரின் 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரவென்று வெடிப்பது அதனால்தான். ஒருமுறை செதுக்கப்பட்ட தடம் செதுக்கப்பட்டதுதான். அப்புறம் எவ்வளவு நல்ல ஊசி போட்டாலும் அது திரும்பாது.

முனையின் வெட்டைப் பொறுத்து ஓர் ஊசி 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். உன் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. எனவே அது தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள். ஓடாமலே இருந்திருந்தாலும், ஊசித்தண்டைத் தாங்கும் சின்ன ரப்பர் இத்தனை ஆண்டுகளில் இறுகியிருக்கும். கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பகுதி) முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மூவிங் மேக்னட் (ஊசியோடு சின்னக் காந்தம் அசையும்) வகை என்றால் ஊசிப் பகுதியை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஷூர் நிறுவனம் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை 2018-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பழைய மாடல்கள் பலவற்றுக்கு ஜப்பானின் ஜிகோ இன்றும் ஊசி செய்கிறது. இவ்வளவு பழைய பொருளுக்குக்கூட இப்படி உதிரிபாகம் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அடுத்து மின்சாரம். ரிசீவரின் பின்பலகையில் வோல்டேஜ் எழுதியிருக்கும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது என்றால் 100, அமெரிக்காவுக்கு என்றால் 117 அல்லது 120, மற்ற பல நாடுகளுக்கு 220 முதல் 240 வரை. சிலவற்றில் அதை மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் இருக்காது. டர்ன்டேபிளுக்கு வோல்டேஜ் மட்டும் பொருந்தினால் போதாது. அந்தக் காலத்து பெல்ட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் சிங்க்ரனஸ் மோட்டார் இருக்கும், அது மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டே சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50-ல் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 28-ஐக்கூடத் தொடாது. சுருதி மூன்று அரைஸ்வரத்துக்கும் மேல் இறங்கி, பாட்டு இழுத்து இழுத்துப் பாடும். ரெக்கார்டு கெட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கப்பியை மாற்றினால் சரியாகிவிடும்.

ரிசீவரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகாதே. உள்ளே சார்ஜைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கலாம். பழுதுபார்ப்பவர்கள் சீரிஸ் பல்பு போட்டு, அதாவது மின்சாரம் ஒரு பல்பின் வழியாகவே பெட்டிக்குப் போகும்படி செய்துதான், முதலில் உயிர் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பெட்டி தப்பித்துவிடும். அது தாண்டிய பிறகும் ஸ்பீக்கரை உடனே மாட்டக்கூடாது. ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டிசி வோல்டேஜ் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் வரை பயமில்லை. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் ஸ்பீக்கரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) எரிந்துவிடும். மூடியைத் திறக்கும் வேலையை அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் விடு, பெரிய கெபாசிட்டர்கள் பிளக்கை எடுத்த பிறகும் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும். எல்லா கெபாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்லாதே. அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுபவர்தான் நல்ல மெக்கானிக். வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்குப் பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் ஒன்றே போதும்.

வாட் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். அறுபதுகளின் விளம்பர வாட்டை நம்பவே முடியாது. ஆளாளுக்கு ஒரு கணக்கு போட்டார்கள். 1974-ல் அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி, தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்டைத்தான் சொல்ல வேண்டும், எத்தனை ஓமில், எந்த அலைவரிசையில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரு நேர்மையான போட்டி தொடங்கியது. பயனியர் நிறுவனத்தின் எஸ்எக்ஸ்-1250 ரிசீவர் சேனலுக்கு 160 வாட், 1978-ல் வந்த எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட். ஒருவர் தனியாகத் தூக்கத் திணறும் எடை! பார்க்க அழகுதான். ஆனால் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். உன்னுடையது நிஜமான முப்பது வாட் என்றாலே ஒரு வீட்டு அறைக்குத் தாராளம்.

ரிசீவரில் லவுட்னஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சத்தம் குறையும்போது நம் காது ஆழ்ந்த ஒலிகளை மிகுதியாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்தப் பட்டன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மெல்லக் கேட்கும்போது அதைப் போட்டுக்கொள். சத்தமாகக் கேட்கும்போது அணைத்துவிடு.

ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பார். ஃபோம் என்றால் பொடிந்து உதிரும். பயப்படாதே, கூம்பும் காயிலும் நன்றாகத்தான் இருக்கும், வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டிவிடலாம். ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். படத்தில் உன் பெட்டிக்குத் துளை எதுவும் தெரியவில்லை. எட்கர் வில்ச்சர் 1954-ல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரில் கொண்டுவந்த முறை அது. அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றே ஸ்பிரிங் ஆகிறது. அதனால்தான் அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பேஸ் வருகிறது. காற்று கசிந்தால் அது போய்விடும். கூம்பை இரண்டு கைகளாலும் சமமாக, மெதுவாக உள்ளே அமுக்கி விட்டுப் பார். தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெட்டி கசியவில்லை.

ஊசி வந்ததும் கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் பொருத்த வேண்டும். இதற்கென்றே கோடு போட்ட அட்டை கிடைக்கும். இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கு, வீண் போகாது. தட்டின் வெளி விளிம்பில் தடம் ஊசியின் கீழே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அந்த வேகம் இருபது சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒரு நொடிப் பாட்டு பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. கோணம் கொஞ்சம் பிசகினாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் பிசிறடித்தால் தட்டைக் குறை சொல்லாமல் கார்ட்ரிட்ஜைப் பார்.

டர்ன்டேபிள் வயரை ஃபோனோ என்று எழுதிய இடத்தில்தான் சொருக வேண்டும். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு, வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் தடம் அகன்று, ஒரு பக்கத்தில் நான்கு பாட்டுகூடக் கொள்ளாது. 1954-ல் அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த அந்த ஏற்ற இறக்க வளைவைத் தலைகீழாகத் திருப்பி ஒலியைச் சமன் செய்வது ஃபோனோ பகுதி. எழுபதுகளின் ரிசீவர்களில் இந்தப் பகுதியை அக்கறையாகச் செய்தார்கள், தனிப் பெட்டி வாங்க அவசரப்படாதே.

வினைல்தான் சிடியைவிட உயர்ந்த ஒலியா என்றும் கேட்டாய். அளவைக் கருவியை வைத்துப் பார்த்தால் இல்லை. சிடியால் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் காட்ட முடியும், நல்ல ரெக்கார்டுகூட எழுபதைத் தாண்டச் சிரமப்படும். நான் வினைலை நேசிப்பதற்குக் காரணம் வேறு. சுமார் இருபது நிமிடப் பக்கம் ஒன்றை மனதில் வைத்துப் பாட்டுகளை அடுக்கியவர்களின் அடுக்கு இதில் அப்படியே கிடைக்கிறது. பிறகு, இந்தச் சங்கிலியில் எனக்குப் புரியாத கண்ணி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் பார்க்கலாம், தொடலாம், சரிசெய்யலாம்.

சரி, ரெக்கார்டுக்கு வருவோம். முதலில் வாங்க வேண்டியது உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஓர் ஆல்பம். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று உன் காதுக்குத் தெரிந்திருந்தால்தான் அமைப்பு சரியா தவறா என்று சொல்ல முடியும். இரண்டாவது, பியானோ மட்டும் ஒலிக்கும் ஒரு தட்டு. வேகத்தில் சின்ன ஆட்டம் இருந்தாலும் நீண்டு நிற்கும் பியானோ ஸ்வரம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது ஒரு மோனோ தட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் தட்டு. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் எங்கோ பழுது இருக்கிறது. அப்புறம் உன் இஷ்டம்.

பழைய தட்டு வாங்கும்போது விளக்குக்கு நேரே சாய்த்துப் பார். நகத்துக்குத் தட்டுப்படாத மெல்லிய கீறல்களை நான் பொருட்படுத்துவதில்லை. கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்த தடத்தைக் கண்டால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அது யாரோ தேய்ந்த ஊசியில் நூறுமுறை கேட்ட தட்டு. லேபிளுக்குப் பக்கத்தில் வெற்றாக இருக்கும் வளையத்தையும் படி. எந்த வெட்டிலிருந்து அச்சானது என்ற எண் அங்கே பொறித்திருக்கும். ப்ளூ நோட் ஜாஸ் தட்டுகளில் அந்த இடத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரையைத் தேடுகிறவர்கள் பலர். ஆனால் முதல் பதிப்பு என்பதற்காக மட்டும் தேய்ந்த தட்டை வாங்காதே.

அந்த வீட்டில் 78 சுற்றுத் தட்டுகளும் இருப்பதாக எழுதியிருந்தாயே, அவற்றை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துவிடாதே. பெரும்பாலும் அவை ஷெல்லாக், ஆல்கஹாலில் கரைந்துவிடும். எல்பி (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியாலும் ஓட்டாதே. அந்தத் தடத்துக்கு மூன்று நான்கு மடங்கு அகலமான முனை வேண்டும். கிடைக்கும்வரை எல்லாவற்றையும் வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வை.

நீ அனுப்பிய படங்களில் ரிசீவரின் பின்பலகை இல்லை. அதையும், கார்ட்ரிட்ஜைப் பக்கவாட்டில் கிட்டேயிருந்து எடுத்த படம் ஒன்றையும் அனுப்பு. எந்த ஊசி பொருந்தும் என்று பார்த்து எழுதுகிறேன். அதுவரை பிளக்கைச் சொருகாதே.

அன்புடன்,
அண்ணன்