அசையும் பதாகையில் உடையும் தமிழ்: விளம்பர வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இணைய விளம்பரப் பதாகைகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உங்கள் விளம்பரங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தமிழ் வாசகம் எழுதித் தருபவள் நான். எனக்கு வருவது பெரும்பாலும் ஓர் எக்செல் கோப்பு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலிக் கட்டங்கள். நிரப்பி அனுப்பியதும் என் வேலை முடிந்துவிடும். அந்தச் சொற்கள் எப்படி அசையும், எத்தனை விநாடி நிற்கும், எந்த அளவுப் பெட்டிக்குள் போகும் என்று யாரும் சொல்வதில்லை. நானும் கேட்காமலே இருந்துவிட்டேன்.

சென்ற தீபாவளிக்குச் சில நாள் முன்பு, தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு அம்மாவுடன் ரயிலில் திரும்பும்போது, நான் எழுதிய வாசகம் என் கைப்பேசியிலேயே ஓடியது. தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொன்றாக வந்து விழுந்தன எழுத்துகள். முதலில் ‘த’. அடுத்து, புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் அதன் தலையில் ஒரு சுழியும். பிறகு ‘ப’. பிறகு தனியே நிற்கும் துணைக்கால். அம்மா எட்டிப் பார்த்து, “இது என்ன மொழி?” என்று கேட்டார். நான் எழுதியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். ‘தீபாவளி’ நமக்கு 4 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையின் கணக்கில் அது 7 குறியீடுகள்: த, ஈகாரக் குறி, ப, துணைக்கால், வ, ள, இகாரக் குறி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்பதால், அதற்காக எழுதிய நிரல் அங்கே பிசகின்றி ஓடுகிறது. அதே நிரலுக்குள் தமிழைப் போட்டால் உயிர்மெய் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அந்தப் புள்ளி வட்டம் தோன்றாமல் தப்பினாலும் சிக்கல் தீர்வதில்லை. மெய்யின் புள்ளி பிந்தி வருவதால் ‘பல்’ என்ற சொல் முதலில் ‘பல’ என்று நின்றுவிட்டு அப்புறம்தான் ‘பல்’ ஆகிறது. ‘கண்’ ஒரு கணம் ‘கண’ ஆகிறது. பல் மருந்தகத்துக்கும் கண் மருத்துவருக்கும் விளம்பரம் செய்பவர்கள் இதை எண்ணிப் பாருங்கள்.

தமிழைச் சொல் சொல்லாக நகர்த்துங்கள். எழுத்தெழுத்தாகத்தான் வரவேண்டும் என்றால், இன்றைய உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில் செக்மென்டர்’ என்ற வசதி இருக்கிறது. அது ‘தீ’யை ஒன்றாகவே எண்ணும். உங்கள் நிரலாளருக்கு இது பெரிய வேலை ஆகாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தின் தொடக்க காலத்தில் வழக்கமாக இருந்த பதாகை 468 பிக்சல் அகலம், 60 பிக்சல் உயரம். ஒரு வரி ஆங்கிலத்துக்கு அந்தக் கீற்று போதும். இன்று கைப்பேசியில் 320-க்கு 50. இதில் இரண்டு வரித் தமிழை அடைத்தால் ‘கி’யின் மேல்வளைவும் ‘கு’வின் கீழ்ச்சுழியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. உடனே எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறீர்கள். அம்மா வயதில் இருப்பவர்களால் அதைப் படிக்கவே முடியாது. பெட்டியின் அளவை முதலிலேயே எனக்குச் சொல்லுங்கள். ‘இப்போதே பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று எழுதிய இடத்தில் ‘இன்றே பதியுங்கள்’ என்று எழுதித் தருவேன். வெட்டுவதையும் சுருக்குவதையும் மொழி தெரிந்தவரிடம் விடுங்கள்.

கூகல் தன் விளம்பரங்களில் அசைவு 30 விநாடிக்குள் நிற்க வேண்டும், கோப்பு குறிப்பிட்ட எடையைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. எடையைக் குறைக்கத் தமிழ் எழுத்துருவைக் கழற்றிவிடுகிறார்கள். பிறகு எந்தக் கைப்பேசியில் எந்த எழுத்துரு வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது. வாசகத்தைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக, மாற்றிப் பதிப்பது நல்ல வழிதான். ஆனால் மாற்றுவதற்கு முன் பிழைதிருத்தம் முடிந்திருக்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால் ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கோட்டுருவமாகிவிட்ட பிறகு அதை யாராலும் தட்டித் திருத்த முடியாது.

மின்னும் விளக்குகள் பற்றி ஒரே வார்த்தை: விநாடிக்கு 3 முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக்கூடாது என்பது இணைய அணுக்கத்துக்கான, அதாவது உடற்குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும், உலகத் தரவிதி. வலிப்பு நோய் உள்ளவர்களுக்காக வந்த விதி அது. பண்டிகைக் காலத்திலும் அது பொருந்தும்.

2010-இல் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் இந்நாட்டில் 3.3 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடு. பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பை விட்டால் ஒரு பிள்ளை தமிழ் எழுத்தைக் காணும் இடங்கள் சில. கைப்பேசித் திரை அவற்றுள் ஒன்று. அங்கே அந்தப் பிள்ளை பார்க்கும் ‘தீ’ முழுதாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஆங்கிலப் பதாகையில் ஒரே ஓர் எழுத்து தலைகீழாக வந்தாலும் நீங்கள் வெளியிட மாட்டீர்கள்.

அடுத்த வேலையை அனுப்பும்போது எக்செல் கோப்போடு பெட்டியின் அளவையும், ஒவ்வொரு காட்சியும் நிற்கும் விநாடிகளையும் எழுதி அனுப்புங்கள். வெளியிடுவதற்கு முந்தைய நாள், அசையும் வடிவத்தையே ஒரு முறை எனக்குக் காட்டுங்கள். அன்று மாலைக்குள் பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதற்கென்று தனிக் கட்டணம் கேட்க மாட்டேன்.

இங்ஙனம்,
ஈசூனிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்